பலகையில் யார் பெயர்? குடிவந்தவர்களின் பெயரில் வட்டாரங்கள்: வடசென்னையிலிருந்து ஓர் அறிமுகம்

பாரிமுனையில் இறங்கினால், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே வடக்கு நோக்கிப் பிரியும் தெருக்களில் ஒன்று அரண்மனைக்காரத் தெரு. கச்சாலீசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. அரண்மனைதான் இல்லை. சிறுவயதில் தாத்தாவோடு அந்தத் தெருவில் நடக்கும்போது, எந்த ராஜாவின் அரண்மனை இங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் ஒரு பழைய பெரிய கதவைக் காட்டி, "அதற்குள் இருப்பவர்கள்தான் அரண்மனைக்காரர்கள்" என்றார். உள்ளே ஒரு தேவாலயமும் மரநிழலில் கல்லறைகளும் இருந்தன. உயிரோடு ஒருவரும் இல்லை.

ஆங்கிலத்தில் அந்தத் தெருவின் பெயர் ஆர்மேனியன் ஸ்ட்ரீட். 'ஆர்மேனியன்' என்ற சொல் தமிழ் நாவில் உருண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வணிகத்துக்காகச் சென்னைக்கு வந்த ஆர்மேனியர்கள் 1712இல் இங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1772ஐச் சேர்ந்தது. உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது சென்னையிலிருந்துதான். அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோன்யன் அந்தத் தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இன்று அந்தச் சமூகம் சென்னையில் இல்லை. தெருவின் பெயர் மட்டும் இருக்கிறது, அதுவும் வேறொரு பொருளைத் தரும் சொல்லாக.

இதே ஆர்மேனியர்கள் பூமியின் மறுபக்கத்தில் வேறு விதமாகப் பெயர் பெற்றார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் 2000ஆம் ஆண்டில் ஹாலிவுட்டின் கிழக்கே ஒரு பகுதியை 'லிட்டில் ஆர்மேனியா' என்று அறிவித்தது. அங்கே நகர நிர்வாகமே பெயர்ப்பலகை நட்டிருக்கிறது. ஒரே மக்கள், ஓரிடத்தில் ஊர்வாய் வைத்த பெயர், இன்னோரிடத்தில் நகர மன்றம் வைத்த பெயர். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன வேறுபாடு, அரசாங்கமே ஒரு வட்டாரத்துக்குக் குடிவந்தவர்களின் பெயரைச் சூட்டுவது என்றால் என்ன, அதனால் என்ன கிடைக்கும், எங்கே சிக்கல் வரும் என்பதைப் புதிதாகக் கேட்பவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

சொற்களைப் பற்றி முதலிலேயே ஒன்று. 'குடிவந்தவர்கள்' என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 'வந்தேறி' என்ற சொல் நம்மிடையே வசையாகிவிட்டது. வட்டாரப் பெயரைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால், பேச்சு தொடங்கும் முன்பே கெட்டுவிடும்.

புழக்கப் பெயர், கௌரவப் பெயர், அறிவிக்கப்பட்ட பெயர்

ஒரு பகுதிக்குப் பெயர் வரும் வழிகள் பல. மிகப் பழையது புழக்கம். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமல், அங்கே யார் இருக்கிறார்களோ, என்ன தொழில் நடக்கிறதோ அதை வைத்து ஊர் தானாகக் கூப்பிடும். வட்டிக்கடைக்காரர்களும் வணிகர்களுமான சௌகார்கள் குடியிருந்ததால் சௌகார்பேட்டை. குஜராத்தியும் மார்வாடியும் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. பவளம் விற்ற யூத வணிகர்களை நினைவூட்டும் பவளக்காரத் தெருவில் பிற்காலத்தில் நகரத்தார் வந்து தங்கினார்கள். தெருவின் பெயர் பவளத்தை விடவில்லை. பாரிஸ் நகரத்தில் லா ஷாப்பெல் பகுதியை நம்மவர்கள் குட்டி யாழ்ப்பாணம் என்று சொல்வதும் இந்த வகைதான். பிரெஞ்சு அரசு அப்படி எந்தப் பெயரையும் வைக்கவில்லை. ஆனால் மளிகைக் கடையும் கோயிலும் தேடி வருபவர்களுக்கு அந்தப் பெயர் போதும்.

இரண்டாவது கௌரவப் பெயர். தெருவின் உண்மையான பெயரும் முகவரியும் அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் இன்னொரு பலகை வரும். சிகாகோ நகரத்தின் டெவன் அவென்யூவில் ஒரு துண்டுக்குக் காந்தி பெயர், இன்னொரு துண்டுக்கு ஜின்னா பெயர், மற்றொன்றுக்கு ஷேக் முஜீப் பெயர், வேறொன்றுக்கு கோல்டா மேயர் பெயர். ஒரே சாலையில் நடந்து போனால் நான்கு நாடுகளின் தலைவர்களைக் கடந்துவிடலாம். தபால் மட்டும் பழைய பெயருக்கே வரும்.

மூன்றாவதுதான் நாம் பேசவந்தது. நகர மன்றம் தீர்மானம் போட்டு, இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை என்று எல்லை குறித்து, இந்த வட்டாரம் இந்தப் பெயரால் அறியப்படும் என்று அறிவிப்பது. அப்படி அறிவிப்பதால் அங்கே வார்டு எண் மாறுவதில்லை, வரி மாறுவதில்லை, அஞ்சல் முகவரி மாறுவதில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சமூகத்துக்கு அந்த இடம் சொந்தமாகிவிட்டது என்றும் பொருள் இல்லை. வேறு யாரும் அங்கே வீடு வாங்கலாம், கடை வைக்கலாம். லாஸ் ஏஞ்சலஸின் கொரியாடவுனில் வாழ்பவர்களில் கொரியர்களைவிட லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்தான் அதிகம். அங்கேயே இன்னொரு பகுதிக்கு 2002இல் பிலிப்பினோக்களின் பெயரை வைத்தபோது, 'வரலாற்றுச் சிறப்புடைய பிலிப்பினோடவுன்' என்று அடைமொழி சேர்த்தார்கள். அந்த மக்களில் பலர் அதற்குள் வேறு இடங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். பெயர், இன்று யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்வதற்காக மட்டும் வைக்கப்படுவதில்லை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

எதற்காகக் கேட்கிறார்கள்?

மரியாதைக்காக என்பது எளிய பதில். அது உண்மையும்கூட. ஆனால் வயிற்றுப் பிழைப்பும் அதில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1999இல் 'தாய் டவுன்' அறிவிக்கப்பட்ட கதையைப் பாருங்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1995இல், பக்கத்து எல் மான்டே நகரில் ஒரு தையல் கூடத்தில் தாய்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட 72 தொழிலாளர்கள் அடிமைகளைப்போல் பூட்டிவைக்கப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அவர்களுக்குத் துணை நின்ற தாய் சமூக மேம்பாட்டு மையம்தான் பிறகு தாய் டவுன் என்ற பெயருக்காகவும் பாடுபட்டது. பெயர்ப்பலகை வந்தால் வெளியூர்க்காரர் சாப்பிட வருவார், கடைகள் நிற்கும், கடைகள் நின்றால் நம் ஆட்களுக்கு நியாயமான வேலை கிடைக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. பெயரை ஒரு பிழைப்புக் கருவியாக அவர்கள் பார்த்தார்கள். இதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

சான் பிரான்சிஸ்கோ இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. பலகை நட்டுக் கைகழுவாமல், 'பண்பாட்டு வட்டாரம்' என்ற திட்டத்தை 2018இல் சட்டமாக்கியது. அறிவிக்கப்பட்ட வட்டாரத்தில் அந்தச் சமூகத்தின் வரலாறு, வீடு, தொழில் ஆகியவற்றைக் காக்கத் திட்டம் தீட்ட வேண்டும். ஹோட்டல் வரியில் ஒரு பங்கு அதற்கு வரும். வெறும் பலகை வாடகையை ஏற்றிவிட்டுப் போகலாம். பெயரைக் கேட்டு வருகிற பணக்காரர்கள், பெயருக்குக் காரணமானவர்களைத் துரத்திவிடலாம். அந்த அச்சம் எங்கும் இருக்கிறது. அதனால்தான் பெயரோடு பணமும் பொறுப்பும் வர வேண்டும் என்கிறார்கள்.

நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூர். சிராங்கூன் சாலைப் பகுதி 1989இல் 'லிட்டில் இந்தியா' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகளை இடிக்க முடியாது. அந்தச் சட்டக் காவல் இல்லாவிட்டால் அங்கே இன்று என்ன நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரிடம் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால் 'லிட்டில் இந்தியா' என்று சொல்ல மாட்டார். "தேக்காவுக்கு" என்பார். தேக்கா தமிழ்ச் சொல்லே அல்ல. மூங்கில் புதரின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது. சீனர் வைத்த பெயரைத் தமிழர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். சுற்றுலாவுக்கு ஒரு பெயர், வாழ்வதற்கு ஒரு பெயர். கோலாலம்பூரில் 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜீப்பும் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியை லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்தார்கள். அங்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயர் மறைந்துவிடவில்லை.

கோடு போட்டால் வரும் தகராறு

புழக்கப் பெயருக்கு எல்லை கிடையாது. சௌகார்பேட்டை எங்கே முடிந்து எங்கே கொண்டித்தோப்பு தொடங்குகிறது என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் கிடைக்கும், யாரும் சண்டை போடமாட்டார்கள். வரைபடத்தில் கோடு விழுந்தவுடன் நிலைமை மாறுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் 2008இல் வங்கதேசத்தவர்கள் தங்களுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள். அவர்கள் கேட்ட இடம் கொரியாடவுன் என்று எல்லோரும் நெடுங்காலம் சொல்லிவந்த பகுதிக்குள் விழுந்தது. கொரிய அமைப்புகள் கொதித்தன. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: கொரியாடவுனுக்கே அதிகாரபூர்வமான எல்லை வரையப்படவில்லை. கடைசியில் 2010இல் கொரியாடவுனுக்கு எல்லை வகுக்கப்பட்டது. வங்கதேசத்தவருக்கு மூன்றாம் தெருவில் சில கட்டங்கள் நீளத்துக்கு 'லிட்டில் பங்களாதேஷ்' கிடைத்தது. குடிவந்த இரண்டு சமூகங்கள் ஒரு தெருவுக்காக எதிரெதிரே நிற்க நேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சண்டை வெளியாரோடு மட்டும் வருவதில்லை. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் வியட்நாமியர் கடைகள் நிறைந்த ஸ்டோரி ரோடு பகுதிக்கு 2007 நவம்பரில் நகர மன்றம் 'சைகோன் வணிக வட்டாரம்' என்று பெயர் வைத்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் கேட்டது 'லிட்டில் சைகோன்'. வெளியில் இருந்து பார்த்தால் ஒரு சொல்தான் வேறுபாடு. ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குத் தப்பி வந்தவர்களுக்கு 'லிட்டில் சைகோன்' என்பது இழந்த ஊரின் பெயர், அகதிகளாக அவர்கள் கூடிய இடங்களின் பெயர். போராட்டம் வெடித்தது, ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார், 2008 மார்ச்சில் மன்றம் தான் வைத்த பெயரைத் திரும்பப் பெற்றது. அந்தத் தொகுதியின் மன்ற உறுப்பினரே ஒரு வியட்நாமியப் பெண். அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வாக்கெடுப்பு வரை போனது. அவர் வென்று பதவியில் நீடித்தார். தம்மவரே மன்றத்தில் இருந்தும், பெயரைக் கேட்டவர்களின் சொல்லுக்குக் காது கொடுக்காமல் பெயர் வைத்தால் இதுதான் நடக்கும்.

நம் ஊரில் முதலில் பெயர் வைத்தவர் யார்?

இனி வடசென்னைக்குத் திரும்புவோம். இங்கே சமூகத்தின் பெயரால் வட்டாரம் வகுத்த முதல் அதிகாரி மக்கள் கேட்டு வைக்கவில்லை. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், கோட்டைக்கு வெளியே வடக்கே கறுப்பர் நகரம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி பிரித்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டது. இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த மண்ணில்தான். அதற்கும் வடக்கே இருந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் நகரம் ஆயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தப் பெயர் போய் ஜார்ஜ் டவுன் வந்தது. தோலின் நிறத்திலிருந்து அரசரின் பெயருக்கு. குடியிருந்தவர்களை இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

இன்னும் பழைய ஒரு சம்பவம் இருக்கிறது. 1707இல் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளுக்கிடையே யார் எந்தத் தெருவில் போகலாம் என்று பெரிய கலவரம் மூண்டது. அப்போதைய ஆளுநர் தாமஸ் பிட், பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையினருக்கு என்று பகுத்து அமைதிக்கு வழி தேடினார். வட்டாரத்தைச் சமூகத்தோடு சேர்த்துக் கட்டும் எந்தப் பேச்சையும் கேட்கும்போது எனக்கு முதலில் இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. பெயர் சூட்டுவதும் பிரித்து ஒதுக்குவதும் தொலைவில் இருப்பவை அல்ல.

மண்ணடியில் மூர் தெரு என்று ஒன்று உண்டு. முஸ்லிம்களை ஐரோப்பியர்கள் அழைத்த சொல் மூர். அந்தத் தெருவில் வாழ்ந்த எந்த மரைக்காயரும் தன்னை மூர் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். வெளியில் இருப்பவர் வைத்த பெயருக்கு இதுவும் ஓர் அடையாளம்.

சில பெயர்கள் நம் நாவில் விழுந்து வேறு உருவம் எடுத்தன. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களுக்காக அமைந்த குடியிருப்பு காலெட்பேட்டை. அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்டபோது அந்தப் பெயரே நிலையத்தின் பெயராகவும் ஆயிற்று. நெய்தவர்களின் பெயர் அதில் எங்கும் இல்லை. குடியமர்த்திய ஆளுநரின் பெயர், அதுவும் சிதைந்து, மெட்ரோ பலகையில் ஒளிர்கிறது. ரயில் நிலையத்தின் பெயர் வந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு அதைவிடப் பெரிய அங்கீகாரம் வேறு தேவையில்லை என்பது இந்தக் காலத்தின் நடைமுறை உண்மை.

அறிவிப்புக்கு முன் சான்றைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் இங்கேயே பாடம் உண்டு. தண்டையார்பேட்டைக்குப் பெயர் வந்தது குணங்குடி மஸ்தான் சாகிபுவால் என்று சொல்வார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த அவரைத் தொண்டியார் என்று அழைத்ததால் தொண்டியார்பேட்டை, அதிலிருந்து தண்டையார்பேட்டை. அழகான கதை. நானும் பல காலம் நம்பினேன். ஆனால் 1693இல் எழும்பூர், புரசைவாக்கத்தோடு கம்பெனிக்குக் கிடைத்த ஊர்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. மஸ்தான் சாகிபு பிறந்ததோ 1792இல். ஊர் அவரைவிட நூறு வயது மூத்தது. அவர் வடசென்னையில் வாழ்ந்தது உண்மை, மக்கள் அவரிடம் வைத்த அன்பும் உண்மை. பெயர்க்காரணம் மட்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மாநகராட்சி நாளை ஒரு பலகை வைத்து அதில் இந்தக் கதையை அச்சடித்தால், கதை வரலாறாகிவிடும். அப்புறம் அழிப்பது கடினம்.

சாதிப் பெயர் என்ற சிக்கல்

அமெரிக்காவின் வழியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. அங்கே ஒரு சமூகத்தின் பெயர் பெரும்பாலும் அவர்கள் விட்டுவந்த நாட்டின் பெயர். இங்கே ஊருக்குள் வந்து குடியேறிய பல கூட்டங்கள் சாதியின் பெயரால் அறியப்பட்டவை. வண்ணாரப்பேட்டை என்ற பெயரைக் கேளுங்கள். கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். சென்னையின் துணி வணிகமே அவர்கள் உழைப்பில் நின்றது. அந்த உழைப்பை நினைவில் வைக்கும் பெயர் என்றும் சொல்லலாம். ஒரு சாதியின் மேல் குத்திய முத்திரை என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1970களின் இறுதியில், தெருப்பெயர்களின் வாலில் இருந்த சாதிப் பட்டங்களை நீக்க ஆணை வந்தது. பலகைகள் மாறின. ஜார்ஜ் டவுனில் நாக்கு மாறவில்லை. இன்றும் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆங்கிலத்தில் சாதாரணமான அந்தச் சொல் தமிழ்நாட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் குடியிருப்பைச் சுட்டும் வசையானது எப்படி என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது.

என் எண்ணம் இதுதான்: ஒரு மக்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், இங்கே என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் பெயரைக் காக்கலாம். யார் மேல், யார் கீழ் என்பதைச் சொல்லும் பெயருக்கு எந்தக் காவலும் தேவையில்லை. சந்தேகம் வரும் இடத்தில் அந்தப் பெயரைச் சுமப்பவர்களைக் கேட்க வேண்டும், பார்ப்பவர்களை அல்ல.

கடல் கடந்து திரும்பியவர்கள்

நம் காலத்தில் வடசென்னையில் அரசே ஒரு சமூகத்துக்காக ஓர் இடத்தை உருவாக்கியதற்கு ஓர் எடுத்துக்காட்டு பர்மா பஜார். பர்மாவில் 1962இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. தலைமுறைகளாக ரங்கூனிலும் அதன் சுற்றிலும் வாழ்ந்த தமிழர்கள் கையில் இருந்ததை விட்டுக் கப்பல் ஏறினார்கள். அவர்களின் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அமைந்தது பர்மா பஜார். வியாசர்பாடியிலும் புழலிலும் குடும்பங்கள் குடியமர்ந்தன. மணலி புதுநகர் பக்கம் சடையங்குப்பத்தை ஒட்டி பர்மா நகர் என்றே ஒரு குடியிருப்பு உண்டு. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் அதன் பெயர் செய்தித்தாளில் வரும், மற்ற ஆண்டுகளில் வராது. அரசுக் காகிதத்தில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. குடியேறியவர், அகதி, தாயகம் திரும்பியவர் என்ற மூன்றும் சட்டத்தில் வேறுவேறு. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவருக்கு முன்பின் பார்த்திராத ஊர் புது ஊர்தான், காகிதம் அதைத் தாயகம் என்று சொன்னாலும்.

வியாசர்பாடியில் அத்தோ விற்கும் ஒரு தள்ளுவண்டிக்கு நான் அடிக்கடி போவேன். நூடுல்ஸில் முட்டைகோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப். வண்டி நடத்துபவரின் தாயார் பெரும்பாலும் அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். கப்பலில் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன்: "அம்மா, இந்தப் பகுதிக்கு மாநகராட்சி உங்கள் பெயரில் ஒரு பலகை வைத்தால், அதில் பர்மாக்காரர் என்று போடலாமா?"

அவர் உடனே வேண்டாம் என்றார். "அங்கே இருந்தவரைக்கும் எங்களைக் களா என்றார்கள், தம்பி. இந்தியாக்காரர் என்று அர்த்தம், நல்ல விதமாகச் சொல்ல மாட்டார்கள். இங்கே வந்து இறங்கியதும் பர்மாக்காரர் ஆகிவிட்டோம். இரண்டுமே மற்றவர்கள் வைத்தது."

"அப்படியானால் என்ன எழுதலாம்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வந்த வருஷத்தை எழுதச் சொல்லுங்கள். எங்கிருந்து வந்தோம் என்று போட்டால், அங்கேயே போ என்று ஒருவன் சொல்வான். எப்போது வந்தோம் என்று போட்டால், இத்தனை வருஷமாக இங்கேதான் இருக்கிறார்கள் என்று தெரியும் இல்லையா?"

பெயர் சூட்டுவது பற்றி நான் படித்த எதிலும் இந்த யோசனை இல்லை.

பெயரால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதற்கு இன்னும் சற்று வடக்கே, புழல் காவாங்கரையில் ஓர் இடம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம் என்று அழைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு எல்லா முகாம்களின் பெயரையும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அகதி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் சுமந்த பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இந்திய மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பலர் அந்தப் பெயர் மாற்றத்துக்குப் பிறகும் குடியுரிமைக்குக் காத்திருந்தார்கள். மாநிலத்தால் மாற்ற முடிந்தது பலகையை. குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது.

கேட்க விரும்புகிறவர் என்ன செய்யலாம்?

சென்னையில் தெருவுக்குப் பெயர் வைப்பதோ மாற்றுவதோ மாநகராட்சி மன்றத்தில் தீர்மானமாகி, அரசின் ஒப்புதலைப் பெறுவது வழக்கம். மன்றத்தில் பேச வேண்டியவர் உங்கள் வார்டு உறுப்பினர். அதற்கு முன்படியாக, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் இருக்கின்றன. 2022 முதல் நடக்கும் இந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் தெருவிளக்கும் கழிவுநீரும்தான் பேசப்படுகின்றன. பெயரைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒன்றுமில்லை. பகுதியின் பெயரையே மாற்றக் கேட்பது கனமான வேலை, பெரும் எதிர்ப்பும் வரும். தெருமுனையில் இரண்டு பத்தி எழுதிய ஒரு பலகை கேட்பது எளிது. ராயபுரத்தில் மேற்கு மாதா கோயில் தெருவில் 1910 முதல் பார்சிகளின் அக்னி ஆலயம் இருக்கிறது. அதே பகுதியில் ஆரத்தூன் சாலை என்று ஓர் ஆர்மேனியரின் பெயர் தாங்கிய சாலையும் இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வரிகூட அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. பெயரை மாற்றாமலே நினைவை மீட்க முடிகிற இடங்கள் இவை.

கூட்டத்துக்குப் போகும்போது சான்றுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுவரி ரசீது, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கப்பல் டிக்கெட், கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ இருக்கும் கல்வெட்டின் படம், முதியவர்கள் சொன்னதன் ஒலிப்பதிவு. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை என்று நீங்களே முதலில் ஒரு காகிதத்தில் வரைந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் போய்க் காட்டுங்கள். அவர்களுக்கு அதில் என்ன மனக்குறை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகு விண்ணப்பத்தை எழுதத் தொடங்கலாம்.

அத்தோ வண்டிக்கார அம்மாவிடம் அவருடைய கப்பல் டிக்கெட் இன்னும் இருக்கிறதாம். அடுத்த பகுதி சபைக்கு எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். தெருவிளக்குப் புகார்கள் முடிந்த பிறகு பேச எங்களுக்குப் பத்து நிமிடம் கேட்டிருக்கிறோம்.